ஒரே ஆண்டின் பர்கண்டி ஒயின்களைச் சுவைத்து எடைபோடுவது எப்படி? 2021-ஐ முன்வைத்துச் சில கேள்விகள், பதில்கள்

பிரான்ஸின் பர்கண்டி பகுதி ஒயினில் ஆர்வம் வந்தவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்விகள் இவை. ஒரே ஆண்டில் அறுவடையான பாட்டில்களை வரிசையாக வைத்துச் சுவைக்கும்போது எதைக் கவனிப்பது, எதை நம்பக்கூடாது என்பதுதான் விஷயம். உதாரணத்துக்கு 2021-ஐ எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரே ஆண்டாக இருக்க வேண்டும் என்று ஏன் இவ்வளவு கண்டிப்பு?

பர்கண்டியில் சிவப்பு என்றால் பெரும்பாலும் பினோ நுவார், வெள்ளை என்றால் பெரும்பாலும் ஷார்டனே. திராட்சை வகை ஏற்கெனவே ஒன்றுதான். ஆண்டும் ஒன்றாகிவிட்டால் வானிலையும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது. அப்புறம் இரண்டு கிளாஸுக்கு நடுவில் தெரியும் வித்தியாசத்துக்கு நிலமும் தயாரித்தவர் கையும்தான் காரணம். வேறு எதன்மீதும் பழி போட முடியாது.

'ஏறக்குறைய' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆலங்கட்டி மழை ஒரு ஊரை அடித்துவிட்டுப் பக்கத்து ஊரைத் தொடாமல் போகும். வோல்னே, பொமார், போன் ஆகிய ஊர்ப் பக்கத்துத் தோட்டங்கள் 2012, 2013, 2014 என்று மூன்று வருடம் தொடர்ந்து அடி வாங்கின. அதே வருடங்களில் வடக்கே பல ஊர்கள் தப்பித்தன. ஆகவே ஆண்டு என்பது ஒரு பொதுக் கணக்கு. தோட்டத்துக்குத் தோட்டம் அது மாறும்.

அதிலும் ஏன் 2021? அது மோசமான ஆண்டு என்றல்லவா கேள்விப்பட்டோம்?

விளைச்சலுக்கு மோசமான ஆண்டு, சந்தேகமில்லை. மார்ச் கடைசியில் நல்ல வெயில் அடித்து, 25 டிகிரி வரை போனது. கொடிகள் சீக்கிரமே துளிர்விட்டன. ஏப்ரல் முதல் வாரம் தாண்டியதும் அடுத்தடுத்து மூன்று இரவுகள் உறைபனி. நடுவில் ஈரப்பனியும் சேர்ந்து விழுந்ததால் துளிர்கள் நனைந்தபடியே உறைந்தன. தோட்டக்காரர்கள் வரிசைகளுக்கு நடுவே பெரிய மெழுகு வாளிகளைக் கொளுத்தி வைத்தார்கள். வைக்கோலை எரித்துப் புகை மூட்டினார்கள். உறைந்த துளிர்மேல் காலை வெயில் நேரடியாகப் பட்டால் கருகிவிடும், அதைத் தடுக்கத்தான் புகை. இத்தனை செய்தும் பல இடங்களில் பெரும்பகுதி போய்விட்டது. ஷார்டனே பினோவைவிட முந்தித் துளிர்க்கும் என்பதால் வெள்ளைக்குத்தான் பலத்த அடி.

கோடையும் நனைந்த கோடை. அடிச்சாம்பல் நோய், சாம்பல் நோய் இரண்டும் வந்தன. அறுவடை பெரும்பாலான இடங்களில் செப்டம்பர் மூன்றாம் வாரத்தில்தான். முந்தைய ஆண்டான 2020-ல் பலர் ஆகஸ்டிலேயே பறித்து முடித்திருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

சுவைத்துப் பழகுபவருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. 2018, 2019, 2020 மூன்றுமே வெப்ப ஆண்டுகள். பழம் நன்றாகப் பழுத்து, ஒயின் அடர்த்தியாகி, அந்த அடர்த்தியே நிலத்தின் குணத்தைக் கொஞ்சம் மூடிவிட்டது. 2021 மெலிந்த ஆண்டு. மறைக்க எதுவும் இல்லாததால் தயாரிப்பாளர் செய்த நல்லதும் கெட்டதும் அப்படியே வெளியே தெரியும். பாடம் படிக்க இதைவிடத் தோதான ஆண்டு சமீபத்தில் வரவில்லை என்பது என் கட்சி.

செப்டம்பர் அறுவடை என்பது அங்கே பழைய வழக்கம்தானே?

ஆமாம். போன் ஊரின் அறுவடைத் தேதிகளை 1354 முதல் 2018 வரை தொகுத்து 2019-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதன்படி 1987 வரை சராசரித் தேதி செப்டம்பர் 28. 1988-க்குப் பிறகு சராசரியாக 13 நாள் முந்திவிட்டது. ஆக, 2021-ஐத் 'தாமதமான ஆண்டு' என்று நாம் சொன்னாலும், தாத்தா காலத்துத் தோட்டக்காரருக்கு அது கொஞ்சம் சீக்கிரம்தான்.

ஆண்டுகளுக்கு மதிப்பெண் போட்ட அட்டவணைகள் இருக்கின்றனவே, அதைப் பார்த்தால் போதாதா?

போதாது. பர்கண்டி முழுவதுக்கும் ஓர் ஆண்டுக்கு ஒரே எண் கொடுப்பது வடக்கே ஷப்லியையும் தெற்கே மாக்கோன் பகுதியையும் ஒரே தட்டில் வைப்பது. இரண்டுக்கும் நடுவில் 200 கிலோமீட்டர் வரை இருக்கிறது. அது தவிர, சிவப்பும் வெள்ளையும் ஒரே ஆண்டில் வெவ்வேறு விதமாக அமையும்.

இன்னொரு சிக்கல், அட்டவணைகளில் பெரும்பாலும் கனத்துக்கே மதிப்பு. வெயில் ஆண்டுகள் மேலே, குளிர் ஆண்டுகள் கீழே. பினோ நுவாரில் கனத்தை மட்டும் தேடுபவர் வேறு ஊருக்குப் போவது நல்லது. அங்கே மலிவாகவும் கிடைக்கும்.

எத்தனை பாட்டில் எடுக்கலாம்? எவற்றை எடுப்பது?

ஒரு பாட்டில் 750 மில்லி. ஆளுக்கு 50 மில்லி என்றால் 15 பேருக்குப் போதும். 8 பேர் சேர்ந்தால் ஆளுக்குக் கொஞ்சம் கூடவே கிடைக்கும், திரும்பிப் போய்ச் சுவைத்துப் பார்க்கவும் மிஞ்சும். எண்ணிக்கை 8-லிருந்து 10-க்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் பினோவின் நுணுக்கம் நாக்குக்கு எட்டாது.

எடுப்பதில் இரண்டு வழி உண்டு. முதலாவது, ஒரே தயாரிப்பாளரின் பல ஊர் ஒயின்களை எடுப்பது. தயாரிப்பாளர் மாறாததால் நிலம் தெரியும். உதாரணமாக, ஒரே நெகோசியானின், அதாவது பலரிடம் திராட்சை வாங்கிச் சொந்தப் பெயரில் ஒயின் செய்யும் நிறுவனத்தின், ழெவ்ரே-ஷாம்பெர்தான், ஷாம்போல்-முசிஞி, நுய்-சான்-ஜார்ஜ், வோல்னே, பொமார் என ஊர்த்தர ஒயின்கள், அதாவது ஊர்ப் பெயரில் விற்பவை, ஐந்து. இரண்டாவது, ஒரே ஊரை வைத்துக்கொண்டு தயாரிப்பாளரை மாற்றுவது. இதில் கை தெரியும். இந்தப் பயிற்சிக்குப் பெயர்போன இடம் க்ளோ த வூஜோ. மதில் சூழ்ந்த ஒரே தோட்டம், சுமார் 50 ஹெக்டேர், ஏறக்குறைய 80 உரிமையாளர்கள். லேபிளில் எல்லாருக்கும் ஒரே க்ரான் க்ரூ, அதாவது உச்சத் தரநிலைத் தோட்டத்தின், பெயர். உள்ளே இருப்பதோ ஆளுக்கு ஒரு தினுசு. மேட்டுப் பகுதியில் நிலம் உள்ளவரும் கீழே சாலையோரத்து ஈரக் களிமண்ணில் உள்ளவரும் ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். விலைதான் கையைக் கடிக்கும்.

இரண்டு வழியையும் ஒரே மாலையில் கலக்காதீர்கள். கலந்தால் வித்தியாசம் எதனால் வந்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியாது.

க்ரான் க்ரூ கட்டாயமா?

இல்லை. மொத்த உற்பத்தியில் க்ரான் க்ரூ 1 சதவீதம் அளவுதான், அதற்கு அடுத்த படியான ப்ரெமியே க்ரூ சுமார் 10 சதவீதம். அதற்கும் கீழே உள்ள ஊர்த்தர ஒயினையும், பர்கண்டி என்ற பொதுப் பெயரிலேயே விற்கும் வட்டாரத்தர 'பூர்கோன்யு' ஒயினையும் எடைபோடத் தெரியாமல் மேலே ஏறுவதில் பயனில்லை. ஓர் ஆண்டைப் பற்றி உண்மையைச் சொல்வதும் கீழ்த்தட்டு ஒயின்கள்தான். நல்ல நிலம் எந்த ஆண்டிலும் சமாளித்துவிடும்.

லேபிளில் 'ப்ரெமியே க்ரூ' என்று இருக்கிறது, ஆனால் தோட்டத்தின் பெயரைக் காணோம். ஏன்?

ஒன்றுக்கு மேற்பட்ட ப்ரெமியே க்ரூ தோட்டங்களின் திராட்சையைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் பொருள். விளைச்சல் குறைந்த 2021 போன்ற ஆண்டுகளில் இது அதிகம். 228 லிட்டர் பீப்பாய் ஒன்று நிரம்ப சுமார் 300 பாட்டில் ஒயின் வேண்டும். ஒரு சின்னத் தோட்டத்திலிருந்து அரைப் பீப்பாய்தான் வந்தது என்றால் தனியாக வைக்க முடியாது. 2016 உறைபனியில் மோன்ராஷே தோட்டத்திலேயே இது நடந்தது: ஏழு பண்ணைகள் தங்களுக்குக் கிடைத்த கொஞ்சத் திராட்சையை ஒன்றுசேர்த்து, மொத்தமாக இரண்டே பீப்பாய் தயாரித்தன. உலகின் மிக விலையுயர்ந்த வெள்ளை ஒயின் நிலத்துக்கே அந்தக் கதி. தரத்தில் இந்தக் கூட்டு ஒயின்கள் குறைந்தவை அல்ல. நிலத்தைத் தனியாகப் படிக்க மட்டும் உதவாது.

பாட்டிலை எப்போது திறப்பது? எந்தக் குளிர்ச்சியில்?

சிவப்பு 14-லிருந்து 16 டிகிரி, வெள்ளை 11-லிருந்து 13 டிகிரி. 'அறை வெப்பநிலை' என்று யாராவது சொன்னால், அது ஐரோப்பியப் பழைய கல்வீட்டு அறை என்று எடுத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரியில் 2021 சிவப்பைக் குடித்தால் சாராய நெடியும் தளர்ச்சியும்தான் மிஞ்சும். வெள்ளையை நேராகக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து ஊற்றினால் மணமே வராது.

இந்த வயதில் ஒரு மணி நேரம் முன்னால் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் பார்த்துவிடுங்கள். கார்க் கெட்ட பாட்டிலை அப்போதே ஒதுக்கிவிடலாம். சிவப்பை வேறு பாத்திரத்துக்கு மாற்றி ஊற்றத் தேவையில்லை. கிளாஸ் எல்லாருக்கும் ஒரே வடிவம், அடி அகன்று வாய் குறுகியது. ஆளுக்கு இரண்டு கிளாஸாவது வேண்டும், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காவிட்டால் ஒப்பீடு வெறும் ஞாபகச் சோதனையாகிவிடும்.

பெயரை மறைத்துத்தான் சுவைக்க வேண்டுமா?

முதல் சுற்றில், ஆமாம். பர்கண்டியில் பெயர் செய்யும் மாயம் பெரிது. 'முசிஞி' என்ற க்ரான் க்ரூ தோட்டத்தின் பெயரைப் பார்த்ததும் யாருக்கும் ரோஜா வாசம் வந்துவிடும். பாட்டிலைக் காகிதத்தில் சுற்றி, எண் ஒட்டி, குறிப்பு எழுதி முடித்த பிறகு பிரியுங்கள். ஆனால் முழுக்க மறைத்துவிடுவதும் சரியில்லை. ஆண்டும் தரநிலையும் எல்லாருக்கும் தெரிந்திருக்கட்டும். ஊரையும் தயாரிப்பாளரையும் மட்டும் மறையுங்கள். எந்த அளவுகோலால் அளக்கிறோம் என்று தெரியாமல் எடைபோட முடியாது.

பெயரைப் பிரித்ததும் குறிப்பைத் திருத்தும் ஆட்கள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு. பேனாவை வாங்கி வைத்துவிடுங்கள்.

வெள்ளை முதலிலா, சிவப்பு முதலிலா?

உலகம் முழுக்க வெள்ளை முதலில். பர்கண்டியின் நிலவறைகளில் மட்டும் பல தயாரிப்பாளர்கள் சிவப்பில் ஆரம்பித்து வெள்ளையில் முடிப்பார்கள். காரணம் எளிது: அங்கே வெள்ளை கனமானது, அதன் புளிப்பு இளம் பினோவைக் கரகரப்பாகக் காட்டிவிடும். ஒரு தடவை அந்த வரிசையில் செய்து பாருங்கள்.

நிறத்தை வைத்து ஏதாவது சொல்லலாமா?

2021-ல் அநேகமாக எதுவும் சொல்ல முடியாது. எல்லாமே வெளிறிய மாணிக்க நிறம், கிளாஸின் அந்தப் பக்கம் விரல் தெரியும். அது குறை இல்லை, பினோவின் தோல் மெல்லியது. விளிம்பில் பழுப்பு ஏறியிருந்தால் மட்டும் கவனியுங்கள். வெள்ளையில் இந்த வயதிலேயே அடர் பொன்னிறம் வந்திருந்தால் சந்தேகப்படலாம்.

வாசனைக் குறிப்புகளில் வரும் பழங்களை நான் பார்த்ததுகூட இல்லை. என்ன எழுதுவது?

தெரிந்ததை எழுதுங்கள். செர்ரி, ராஸ்பெரி, க்ரான்பெரி என்று ஆங்கிலக் குறிப்பில் இருப்பதைத் திருப்பிச் சொல்வதில் யாருக்கும் பயனில்லை. என் குறிப்பேட்டில் 2021 சிவப்புக்கு அடிக்கடி வரும் சொற்கள்: மாதுளை முத்து, பன்னீர் ரோஜா, காய்ந்த செம்பருத்தி, வெள்ளை மிளகு, மழைக்குப் பின் மண். வெள்ளைக்கு எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், உப்புக்காற்று, சில சமயம் உரசிய தீக்குச்சி. இவை சரியா தப்பா என்ற கேள்வியே இல்லை. அடுத்த மாதம் அதே சொல்லை அதே வாசனைக்குப் போடுகிறீர்களா என்பதுதான் கேள்வி.

மூக்கில் உண்மையில் பார்க்க வேண்டியது பழத்தின் பெயர் அல்ல, அது எவ்வளவு பழுத்திருக்கிறது என்பது. காயா, செங்காயா, கனிந்ததா, வெந்து ஜாம் ஆகிவிட்டதா? 2003 வெயிலில் வந்த சிவப்புகள் பல ஜாம் பக்கம். 2021-ன் நல்ல ஒயின்கள் கனிவுக்குச் சற்று முன்னால் நிற்கும். மோசமானவை காய்ப் பக்கம் விழுந்துவிடும்.

வாயில் என்னென்ன பார்க்க வேண்டும்? இதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.

ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உறிஞ்சுங்கள். பிறகு நான்கு விஷயம், ஒவ்வொன்றும் வாயில் வேறு இடத்தில் தெரியும்.

முதலில் புளிப்பு. நாக்கின் ஓரங்களில் எச்சில் ஊறும். எவ்வளவு ஊறுகிறது என்பதைவிட அந்தப் புளிப்பு ஒயினோடு சேர்ந்து வருகிறதா, தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். 2021-ல் இதற்கு ஒரு பின்னணி உண்டு. குளிர் ஆண்டில் திராட்சையில் மாலிக் அமிலம் அதிகமாக மிஞ்சும், பச்சை ஆப்பிளில் இருக்கிறதே அந்த அமிலம். நிலவறையில் பாக்டீரியா அதை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றிவிடும். ஆகவே அறுவடையின்போது பயமுறுத்திய புளிப்பு, ஒயின் தயாரானபோது பாதியாக அடங்கிவிட்டது. 2021 'கடும் புளிப்பு ஆண்டு' என்று சொல்பவர்கள் வானிலை அறிக்கையைச் சுவைக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்தது துவர்ப்பு. இது டானினின் வேலை, ஈறுகளிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தெரியும். தமிழ் நாக்குக்கு இதை விளக்கவே தேவையில்லை. நாவல்பழம் தின்றவருக்கு எல்லாம் தெரியும். நன்றாகக் கனிந்த நாவலின் துவர்ப்பு பட்டுபோலப் படர்ந்து போய்விடும், செங்காயின் துவர்ப்பு வாயை இழுத்துப் பிடிக்கும். பினோவிலும் பார்க்க வேண்டியது இந்தத் தரம்தான். அளவு அல்ல. பொமாரில் துவர்ப்பு நிறைய இருக்கும், அது அந்தக் களிமண்ணின் குணம். அதே நிறைவு வோல்னேயில் வந்தால் தயாரிப்பாளர் அளவுக்கு மீறிச் சாறெடுத்திருக்கிறார்.

மூன்றாவது ஆல்கஹால். விழுங்கும்போது தொண்டையில் சூடு. 2021 ஒயின்கள் பெரும்பாலும் 12.5-லிருந்து 13 சதவீதம்; சூடே தெரியக்கூடாது. தெரிந்தால் ஏதோ சமன் தவறியிருக்கிறது.

கடைசியாக நீளம். விழுங்கிய பிறகோ துப்பிய பிறகோ சுவை எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுவது. பிரெஞ்சுக்காரர்கள் ஒரு நொடிக்கு ஒரு 'கோதலி' என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். கவனம்: கசப்போ புளிப்போ நின்றால் அது நீளம் ஆகாது, பழமும் மணமும் நிற்க வேண்டும். மெலிந்த ஆண்டில் நல்லதையும் சுமாரானதையும் பிரிக்க இதைவிட நம்பகமான அடையாளம் எனக்குத் தெரியாது. 2021-ல் பல ஒயின்கள் முதல் வாயில் ஒன்றுமில்லாததுபோல் இருந்து, பத்து நொடி கழித்து மாதுளையும் ரோஜாவுமாகத் திரும்பி வரும். முதல் வாயிலேயே தீர்ப்பெழுதுபவர் அவற்றைக் கோட்டை விடுவார்.

சில 2021 சிவப்புகளில் பச்சை வாசனை வருகிறதே, அது குறையா?

இரண்டு வகைப் பச்சை இருக்கிறது. ஒன்று தண்டிலிருந்து வருவது. திராட்சையை உதிர்க்காமல் முழுக் கொத்தாகவே நொதிக்க வைக்கும் பழக்கம் பர்கண்டியில் மறுபடி பரவியிருக்கிறது. தண்டு முற்றியிருந்தால் மிளகு, தேயிலை, காய்ந்த பூ மணம் வரும், நன்றாகவே இருக்கும். 2021-ல் தண்டு சரியாக முற்றாததால் பலர் முழுக்கொத்தைக் குறைத்துக்கொண்டார்கள். குறைக்காத சிலரின் ஒயினில் பச்சைத் தண்டின் கசப்பு தூக்கலாகத் தெரியும்.

இன்னொன்று பழமே பழுக்காத பச்சை: குடைமிளகாய், நசுக்கிய இலை. இது நேரமானால் சரியாகிவிடும் என்று நம்ப வேண்டாம். 2004 சிவப்புகளைப் பற்றி விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அந்த ஆண்டின் பல ஒயின்களில் பாட்டிலில் அடைத்த பிறகு பச்சை நெடி வெளிப்பட்டது. கொத்தோடு சேர்ந்து நசுங்கிய பொறிவண்டுகள்தான் காரணம் என்று ஒரு கட்சி, பழுக்காத திராட்சைதான் என்று மறுகட்சி. சண்டை இன்னும் ஓயவில்லை.

2021-ல் சர்க்கரை சேர்த்தார்களாமே? அது கலப்படம் இல்லையா?

இல்லை, சட்டம் அனுமதிக்கும் பழைய முறை. நொதிக்கும்போது சர்க்கரை சேர்த்தால் அது ஆல்கஹாலாக மாறிவிடும், இனிப்பு மிஞ்சாது. லிட்டருக்கு சுமார் 17 கிராம் போட்டால் 1 சதவீதம் ஏறும். நெப்போலியன் காலத்து அமைச்சரான ஷப்தால் பெயரால் இதை ஷப்தலிசாசியோன் என்பார்கள். வெப்ப ஆண்டுகளில் தேவைப்படாமல் இருந்து, 2021-ல் பலர் மறுபடி மூட்டையைத் திறந்தார்கள். அரை சதவீதம், முக்கால் சதவீதம் ஏற்றியதை நாக்கில் கண்டுபிடிக்க முடியாது. யாராவது கண்டுபிடித்ததாகச் சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

கெட்ட பாட்டில் எது, தயாரிப்பாளரின் பாணி எது என்று எப்படிப் பிரிப்பது?

நனைந்த அட்டைப்பெட்டி நாற்றம் என்றால் கார்க் கோளாறு. காற்றாட வைத்தாலும் போகாது, கூடத்தான் செய்யும். அந்தப் பாட்டிலை வைத்து எதையும் எடைபோடக் கூடாது. வினிகர் அல்லது நகப்பூச்சு நெடி தூக்கலாக இருந்தால் அதுவும் குறை. மாட்டுத்தொழுவ வாசம் ப்ரெட் என்னும் ஈஸ்ட்டின் வேலை. துளி இருந்தால் ரசிப்பவர்கள் உண்டு, எனக்குப் பிடிக்காது.

தீக்குச்சி மணம் வேறு கதை. காற்றுப் படாமல் தயாரித்த வெள்ளைகளில் வருவது, சிலர் வேண்டுமென்றே வரவழைப்பது. கிளாஸைச் சுழற்றிப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். அழுகிய முட்டையாக மாறினால் குறை, எலுமிச்சைக்குள் கரைந்துபோனால் பாணி.

ஊருக்கு ஊர் வித்தியாசம் 2021-ல் நிஜமாகவே தெரிகிறதா?

தெரிகிறது. ஷாம்போல் பூமணத்தோடு மெல்லியதாக இருக்கும், ழெவ்ரே அதைவிடக் கறுத்த பழமும் இறுக்கமான எலும்புமாக இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒயினே குடிக்காதவர்கூடப் பிரித்துச் சொல்லிவிடுவார். வெப்ப ஆண்டான 2020-ல் இது அவ்வளவு சுலபமில்லை. வெள்ளையில் மெர்சோ வழக்கமாகச் சதைப்பிடிப்போடு வரும், புலிஞி-மோன்ராஷே நேர்க்கோடாக வரும். 2021-ல் மெர்சோவும் இளைத்துவிட்டதால் இந்த இரண்டையும் பிரிப்பது கொஞ்சம் சிரமம். ஷப்லி தனி: ஜுராசிக் யுகத்தின் கிமரிஜ் காலத்துச் சுண்ணாம்புக் களிமண், அதில் பொடிச் சிப்பிப் படிமங்கள், குளிர் ஆண்டில் கத்திமுனைப் புளிப்பு. பட்ஜெட் இடித்தால் சான்-ஓபன் வெள்ளையைத் தேடுங்கள். தெற்கே மாக்கோன் பகுதியின் புயி-ஃபுய்ஸே பக்கம் போனால், அங்கே 22 தோட்டங்களுக்கு 2020 அறுவடையிலிருந்துதான் ப்ரெமியே க்ரூ தகுதி வந்தது. 2021 அவற்றுக்கு இரண்டாம் ஆண்டு.

மொத்தத்தில் என் கணிப்பு: வெள்ளையில் 2021-ஐ தயங்காமல் வாங்கலாம், கிடைத்தால். சிவப்பில் ஆளைப் பார்த்து வாங்க வேண்டும்.

பீப்பாயிலிருந்தே சுவைத்து மதிப்பெண் போடுகிறார்களே, அதை நம்பலாமா?

அறுவடைக்கு அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் விமர்சகர்கள் நிலவறை நிலவறையாக ஏறி இறங்குவார்கள். தயாரிப்பாளர் கண்ணாடிக் குழாயைப் பீப்பாய்க்குள் விட்டு, மேல்முனையை விரலால் அடைத்து, ஆளுக்கு இரண்டு மிடறு விடுவார். மிஞ்சியதைத் திரும்பப் பீப்பாயிலேயே ஊற்றும் வழக்கமும் உண்டு, மோன்ராஷே போன்றவற்றில் ஒரு சொட்டு வீணாகக் கூடாது இல்லையா. அடுத்த ஜனவரியில் லண்டன் வியாபாரிகள் அதே ஆண்டை விரித்து வைப்பார்கள். 2021-க்கு அது 2023 ஜனவரி.

பழக்கப்பட்டவர் கணிப்புக்கு மதிப்பு இருக்கிறது. ஆனால் ஒரு பீப்பாய் புதுசு, பக்கத்துப் பீப்பாய் பழசு. ஒன்றில் மாலிக் அமிலம் மாறி முடிந்திருக்கும், மற்றதில் மாறிக்கொண்டிருக்கும். உங்கள் கிளாஸில் வந்தது எல்லாம் கலந்த ஒயின் அல்ல. '91-93' என்று எண்ணை இழுத்துப் போடுவது அதனால்தான்.

நான் மதிப்பெண் போடலாமா? 100-க்கா, 20-க்கா?

போடுங்கள், ஆனால் குறிப்பு எழுதிய பிறகு. 100-க்கு என்பது ராபர்ட் பார்க்கர் பரப்பிய அமெரிக்க வழக்கம், நடைமுறையில் 85-க்குக் கீழே யாரும் போவதில்லை. 20-க்கு என்பதில் அரை மதிப்பெண் சண்டை. வீட்டுக் கூட்டத்துக்கு எளிமையான வழி, எல்லாரும் முதல் மூன்று இடத்தை மட்டும் எழுதுவது. யாரும் ஒத்துப்போகவில்லை என்றால் பேச விஷயம் கிடைத்தது.

துப்பித்தான் ஆக வேண்டுமா?

ஆமாம். ஆறாவது கிளாஸிலிருந்து எல்லா ஒயினும் அருமையாகத்தான் தெரியும்.

2021-ஐ எவ்வளவு காலம் வைக்கலாம்?

நீண்ட கால ஆண்டு அல்ல. வட்டாரத்தரச் சிவப்பை வைத்திருக்காமல் குடித்துவிடுங்கள். ஊர்த்தரம் அறுவடையிலிருந்து 5 முதல் 10 வருடம். நல்ல ப்ரெமியே க்ரூ அதைத் தாண்டும். வெள்ளையின் புளிப்பு நன்றாகவே காப்பாற்றும், ஆனாலும் ஒரு எச்சரிக்கை: 1990-களின் நடுப்பகுதி முதல் பல வெள்ளை பர்கண்டிகள் எதிர்பாராமல் சீக்கிரமே ஆக்சிஜன் ஏறிப் பழுத்துப்போயின. ஒரே பெட்டியில் ஒன்று இளசாக, ஒன்று கிழடாக. ஆறு பாட்டில் இருந்தால் வருடம் ஒன்றாகத் திறந்து பார்ப்பது புத்திசாலித்தனம்.

சென்னை, கொழும்பு மாதிரி வெயில் ஊரில் இருக்கிறேன். பிரச்சினை வருமா?

வரும். 12, 13 டிகிரியில் இருக்க வேண்டிய சரக்கு இது. 30 டிகிரி அலமாரியில் ஒரு கோடை கழித்த 2021 பினோவில் பழமே மிஞ்சாது. கார்க் மேலே தள்ளியிருந்தால், மூடிக்கு அடியில் கசிவுக் கறை இருந்தால் வாங்காதீர்கள். ஒயின் அலமாரி இல்லையென்றால் வாங்கிய வாரமே சுவைத்துவிடலாம்.

குறைந்த விளைச்சல், சுமார் பெயர். அப்படியானால் விலை இறங்கியிருக்க வேண்டுமே?

ஏறியது. உலகம் முழுக்கக் கேட்பவர்கள் அதே அளவு, பாட்டில் பாதி. பிறகு வந்த 2022-ம், பெருவிளைச்சலான 2023-ம் அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தின.

கூட்டம் முடிந்து மிஞ்சியதை என்ன செய்வது?

கார்க்கைத் திருப்பிச் சொருகிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் மாலை 15 டிகிரிக்கு வந்ததும் அதே வரிசையில், முந்தின நாள் குறிப்பைப் பார்க்காமல், இன்னொரு தடவை சுவைத்து எழுதுங்கள். முதல் நாள் ஜெயித்த ஒயின் சில சமயம் தட்டையாகிக் கிடக்கும், கடைசி இடத்தில் இருந்த இறுக்கமான ழெவ்ரே விரிந்திருக்கும். இரண்டு நாளும் முதல் மூன்றுக்குள் வந்தது எதுவோ, அதில் இன்னும் இரண்டு பாட்டில் வாங்கி வையுங்கள்.